மரப்பலகைச் சமையல் மேடை: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

கிரானைட் மேடையைப் பதித்துவிட்டால் அதோடு மறந்துவிடலாம். மரப்பலகையை முதல் ஒரு வருஷமாவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மதுரையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அடுப்பும் சிங்க்கும் இருக்கும் பக்கத்தைக் கிரானைட்டாகவே விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கப்போர்டுகளின் மேல் எட்டடி நீளம், இரண்டடி அகலத்துக்கு ஒன்றரை இஞ்ச் தேக்குப் பலகையை நானே மாட்டினேன். ஐப்பசி மழையில் மாட்டியது, பங்குனியில் வாய் பிளந்தது. அதைச் சரிசெய்த கதையும், அதன்பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் குனிந்து பார்த்த கோளாறுகளும்தான் கீழே இருக்கின்றன. உங்கள் பலகையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் கீழே குனிந்து பாருங்கள்

கோளாறு மேலே தெரியும், காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கும். கப்போர்டைக் காலி செய்துவிட்டு டார்ச் அடித்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். பலகையை எந்த ஸ்க்ரூ எங்கே பிடித்திருக்கிறது, அடிப்பக்கத்துக்குப் பாலிஷோ எண்ணெயோ பூசியிருக்கிறதா இல்லை பச்சையாக விட்டிருக்கிறதா, சுவரோடு பலகை முட்டிக்கொண்டிருக்கிறதா.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதும், காற்று காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு கிட்டத்தட்ட இல்லை, ரேகைக்குக் குறுக்கே, அதாவது அகலவாக்கில்தான் எல்லாமே நடக்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும், இருந்தாலும் இரண்டடி அகலப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறி இறங்கினால், பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து இரண்டரை மில்லிமீட்டரிலிருந்து நாலரை மில்லிமீட்டர் வரை அகலம் மாறும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் அந்த நாலு மில்லிமீட்டர்தான் ஸ்க்ரூவை வளைக்கும், பலகையைக் கிழிக்கும், டைல்ஸைத் தள்ளும்.

நான் இப்போது செய்வது, பலகையின் அடியில் மூன்று இடங்களில் அகலத்தை அளந்து தேதியோடு பென்சிலில் எழுதி வைப்பது. எங்கள் பலகையில் கார்த்திகையில் 603 மில்லிமீட்டர், சித்திரையில் 599 என்று இருக்கிறது. ஏதாவது கோளாறு வந்தால் பலகை ஊதியிருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

நீளவாக்கில் வெடிப்பு

முதலில் வெடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ஸ்க்ரூவுக்கு நேர் மேலேயோ, முன்வரிசை ஸ்க்ரூவுக்கும் பின்வரிசைக்கும் நடுவிலோ என்றால், பலகையைக் கட்டிப்போட்டதுதான் காரணம். பலகையின் வெட்டுமுனையில், அறுத்த பக்கத்தில், ஆரம்பித்து உள்ளே ஓடினால் முனை மட்டும் சீக்கிரம் காய்ந்திருக்கிறது.

என்னுடையது முதல் வகை. கப்போர்டின் பிளைவுட் பட்டி வழியாக முன்னால் நாலு, பின்னால் நாலு என்று ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கியிருந்தேன், போதாததற்குப் பட்டியின் மேல் ஃபெவிகாலும் தடவியிருந்தேன், பெருமையாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் ஊதியிருந்த பலகை வெயில் ஏற ஏறச் சுருங்கப் பார்த்தது, எட்டு ஸ்க்ரூவும் விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் சமையலறையில் பட்டென்று ஒரு சத்தம், எலி எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஓரத்திலிருந்து ஒன்றரை அடி நீளத்துக்குப் பிளவு, முனையில் மூன்று மில்லிமீட்டர் அகலம். பார்க்க வந்த ஆசாரி அடியில் ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மரத்தைக் கட்டிப்போட்டா அது என்ன செய்யும், வாயைப் பொளந்திரும்.”

சரிசெய்யும் முறை இதுதான். வெடிப்பை அடைக்கப் போகாதீர்கள், முதலில் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். பசை போட்டிருந்தால் மெல்லிய புட்டிக் கத்தியை நுழைத்து விடுவியுங்கள். அப்புறம் இரண்டு மூன்று வாரம் பலகையை அப்படியே கிடக்க விடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று மில்லிமீட்டர் இருந்த பிளவு, ஸ்க்ரூவை எடுத்ததுமே ஒரு மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. அதன்பிறகு பிளவுக்குள் அசிட்டோனைத் துணியில் நனைத்துத் துடைத்தேன், ஏனென்றால் தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, துடைக்காமல் பசை போட்டால் பிடிக்காது. அடியில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி மேலேயிருந்து எபாக்ஸியை ஊற்றி, ஆசாரியிடம் இரவல் வாங்கிய நீளக் கிளாம்பைப் போட்டு ஒரு ராத்திரி இறுக்கி வைத்தேன். இப்போது கிட்டத்தில் போய் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கிளாம்ப் போட்டும் மூடாத பிளவு என்றால் அதே மரத்தில் மெல்லிய சீவலை, ரேகை அதே திசையில் இருக்கும்படி இழைத்துச் செருகி ஒட்டலாம். கடையில் விற்கும் மரப்புட்டியை வைத்து அடைத்தால் அடுத்த வருஷம் அது தனியாகத் தெறித்து வரும்.

திரும்ப மாட்டும்போது முன்பக்கத்து ஸ்க்ரூக்கள் சாதாரணத் துளையில் இருக்கட்டும், பின்பக்கத்தில் மட்டும் நீள்துளை போடுங்கள். 5 மில்லிமீட்டர் துளைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் இருப்பதை அரத்தால் ராவி எடுத்தால் நீள்துளை ஆகிவிடும், அதன் நீளம் முன்னும் பின்னுமாக இருக்க வேண்டும், இடவலமாக இல்லை. ஸ்க்ரூ தலைக்கு அடியில் வாஷர் கட்டாயம். இறுக்கி முடித்ததும் கால் சுற்று திருப்பித் தளர்த்துங்கள். பின்னால் சுவருக்கும் பலகைக்கும் ஐந்து மில்லிமீட்டர் விட்டு, அதை டைல்ஸோ மரப்பட்டியோ மேலிருந்து மறைக்கும்படி செய்தால் பலகை தன் இஷ்டத்துக்குச் சுவர்ப்பக்கம் போய்வரும், முன்விளிம்பு கப்போர்டு கதவோடு ஒரே நேராக நிற்கும்.

வெட்டுமுனை வெடிப்பு சின்னதாக இருந்தால் பயமில்லை. முனைக்கு எபாக்ஸியையோ பாலிஷையோ மூன்று கோட் குடிக்கக் குடிக்கப் பூசுங்கள், மற்ற இடத்துக்கு ஒன்று போதுமென்றாலும் வெட்டுமுனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பலகை வில்லாக வளைந்துவிட்டது

ஒரு நீளமான இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது, ஓரங்களில் தெரிந்தால் கூனியிருக்கிறது. பத்தில் எட்டு இடத்தில் ஒரே காரணம்தான்: மேல்பக்கத்துக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டுவிட்டு அடிப்பக்கத்தைச் சும்மா விட்டிருப்பார்கள். அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து ஊதினால் மேல்பக்கம் குழியும், அடி காய்ந்து சுருங்கினால் நடு மேலே எழும்பும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறவர்களுக்கு அந்த இரும்பு ஸ்கேலைக் காட்டுங்கள்.

கழற்றி, குழிந்த பக்கம் கீழே வரும்படி ஈரச் சாக்கின் மேல் ஒரு நாள் போட்டுவைத்தால் நிறைய நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததும் நிழலில் கட்டைகளின் மேல் மட்டமாக வைத்து, இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி ஒரு வாரம் ஆறவிட்டு, பிறகு இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் கோட் பூசுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், இன்னொரு பக்கம் வளையும். வளைந்ததை ஸ்க்ரூ போட்டு இழுத்து நிமிர்த்தப் பார்ப்பவர்கள் மேலே சொன்ன வெடிப்புப் பகுதிக்குத் திரும்பிவர வேண்டியிருக்கும்.

பலகை மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்டிருந்தால், அதை வாங்கிய பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். முறுக்கு திரும்புவது கஷ்டம். மூன்று நாலு மில்லிமீட்டர்தான் என்றால் ஆசாரியைக் கொண்டு இழைத்துவிடலாம், அதற்கு மேல் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

எல் வடிவ மூலையில் இடைவெளி

45 டிகிரியில் அறுத்துச் சேர்த்த மூலை என்றால், மழைக்காலத்தில் ஒரு முனையும் வெயில்காலத்தில் இன்னொரு முனையும் திறக்கும். அகலம் மாறுகிறது, நீளம் மாறவில்லை, அதனால் கோணமே மாறிவிடுகிறது, எவ்வளவு நல்ல வேலைக்காரர் செய்தாலும் இதுதான் நடக்கும். மரத்தில் அந்த மூலையை நேர்வெட்டாகச் சேர்ப்பதே நல்லது, பசை போடாமல், அடியில் போல்ட்டால் இழுத்துப் பிடித்தால் போதும், இணைப்பில் ஒரு மெல்லிய கோடு தெரியத்தான் செய்யும். ஏற்கெனவே கோணமாக அறுத்தாகிவிட்டது என்றால் அந்த இடைவெளியைப் பலகை நிறத்து சிலிக்கானால் மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

சேர்த்து ஒட்டிய பட்டிகள் விட்டுப்போகின்றன

ஒரே பட்டிக்கு இரண்டு பக்கமும் மட்டும் விட்டிருந்தால் அந்தப் பட்டி ஈரமாக இருந்தபோது ஒட்டியது. எல்லா இணைப்பும் விடுகிறது என்றால் பசை பிரச்சினை. தண்ணீர் படும் இடத்துக்குச் சாதாரண வெள்ளைப் பசை ஆகாது, தண்ணீரைத் தாங்கும் வகையோ எபாக்ஸியோ வேண்டும், தேக்கு என்றால் இழைத்த அன்றைக்கே அசிட்டோனால் துடைத்து ஒட்ட வேண்டும். விட்டுப்போன இணைப்பைத் திரும்ப ஒட்ட வேண்டுமானால் பழைய பசை முழுவதையும் இழைத்து எடுக்காமல் முடியாது.

வாங்கும்போதே ஈரமானியைக் குத்திப் பார்த்துவிடுவது நல்லது, ஊசி இரண்டு உள்ள சின்னக் கருவி, விலையும் அதிகமில்லை. 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டினால் நம் ஊர்ச் சமையலறைக்குச் சரி. 18, 20 என்று காட்டினால் மரக்கடைக்காரர் சத்தியமே செய்தாலும் வாங்காதீர்கள்.

சிங்க்கைச் சுற்றிக் கறுக்கிறது, மெத்தென்று இருக்கிறது

நம் வீடுகளில் சிங்க் ஓரம் காய்வதே கிடையாது. காலையில் மாவுச்சட்டி கழுவினால் ராத்திரிப் பால்பாத்திரம் வரைக்கும் ஈரம்தான். அதனால்தான் சிங்க் பக்கம் மரம் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்வேன். ஆனால் போட்டாகிவிட்டது என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

ஒரு கூர்மையான ஊசியால் கறுத்த இடத்தைக் குத்துங்கள். உள்ளே போகாமல் நின்றால் கறை மட்டும்தான். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் மரம் அழுகிவிட்டது. அடுத்ததாக சிங்க்குக்காக வெட்டிய ஓட்டையின் உள்விளிம்பை அடியிலிருந்து தொட்டுப் பாருங்கள், அங்கே எந்தப் பூச்சும் இல்லாமல் சொரசொரவென்று இருந்தால் தண்ணீர் போகும் வழி அதுதான். மேல்பரப்பு ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் இருந்தாலும், அந்த வெட்டுமுனை திரிபோல உறிஞ்சிவிடும். மூன்றாவது, பலகையின் முன்விளிம்புக்கு அடியில் விரலை ஓட்டுங்கள். அங்கே ஒரு மெல்லிய காடி, அதாவது பள்ளக் கோடு, வெட்டியிருந்தால் வழியும் தண்ணீர் அந்த இடத்திலேயே சொட்டிவிடும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஊர்ந்து கப்போர்டு பிளைவுட் வரைக்கும் போகும்.

கறை மட்டும் என்றால் சிங்க்கை எடுத்து, ஒரு வாரம் ஃபேன் போட்டுக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வெட்டிய விளிம்புக்கு எபாக்ஸி மூன்று கோட் கொடுத்து, புது சிலிக்கான் போட்டுத் திரும்ப மாட்டலாம். சிலிக்கானில் புளித்த வாடை, வினிகர் போல, அடித்தால் அது அமில வகை, உலோகத்தை அரிக்கும், கல்லில் கறை விடும், வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெயோ மெழுகோ பூசிய மரத்தில் எந்த சிலிக்கானும் ஒட்டாது, ஒட்டுகிற இடத்தை மட்டும் தின்னரால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். மூன்று மாதத்தில் சிலிக்கான் தோல் உரிவது போல வந்துவிட்டது என்கிறவர்கள் எல்லாரும் இந்தத் துடைப்பைத்தான் விட்டிருப்பார்கள்.

அழுகிவிட்டது என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. அந்தப் பகுதியை நேராக அறுத்தெடுத்துவிட்டுக் கிரானைட் துண்டைப் பதியுங்கள், அழகாகவும் இருக்கும்.

நீலக் கறுப்பில் ஒரு வட்டம்

தோசைக்கல்லையோ இரும்பு வாணலியையோ ஈரத்தோடு வைத்திருப்பீர்கள், இல்லாவிட்டால் பலகையை இரும்பு நாரால் தேய்த்திருப்பீர்கள், அதன் துகள் ரேகைக்குள் தங்கிவிட்டது. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை உண்டாகும், கடுக்காய் மை செய்வதும் இதே வழியில்தான். அது மரத்துக்குள்ளேயே ஊறியிருப்பதால் சோப்புக்கு அசையாது.

ஹார்டுவேர் கடையில் ஆக்ஸாலிக் ஆசிட் என்று பொடியாகக் கிடைக்கும். கறையுள்ள இடத்தில் எண்ணெய்ப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் கரைக்க வேண்டும், பிரஷ்ஷால் தடவினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கறுப்பு மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கறைக்கு மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் தனியாகத் தெரியும், அதனால் அந்தப் பட்டி முழுக்கத் தடவுங்கள். இது விஷம். கையுறை போடுங்கள், பிள்ளைகள் எழுந்திருக்காத நேரமாகப் பாருங்கள், நல்ல தண்ணீரால் மூன்று நாலு தரம் துடைத்தெடுங்கள், காய்ந்த பிறகு அந்த இடத்தை உப்புத்தாளில் தேய்ப்பதாக இருந்தால் முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

மஞ்சள் கறை

மஞ்சள் தூள் சிந்திய இடத்தைப் பாத்திரச் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன், கறை போவதற்குப் பதிலாக ரத்தச் சிவப்பாக மாறியது. நான் பயந்துபோய் நிற்க, அம்மா சிரித்துக்கொண்டே, “குங்குமம் பண்ணுற வித்தைதானடா இது, சுண்ணாம்பு சேர்ந்தா செவக்கும்ல” என்றார். சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான். எலுமிச்சை மூடியைத் தேய்த்தால் திரும்ப மஞ்சளாகிவிடும். அப்புறம் ஒன்றும் செய்ய வேண்டாம், ஜன்னல் வெயில் விழும் இடமாக இருந்தால் சில நாளில் தானே வெளுத்துவிடும், மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது.

வெள்ளை வட்டம், அல்லது பால் போல் மங்கல்

மெலமைன் போல மேலே படலம் கட்டும் பாலிஷ் என்றால்தான் இது வரும், சூடான பாத்திரமோ ஈரமோ படலத்துக்குள் மாட்டிக்கொண்டது. புதிதாக வந்ததென்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஐந்து நிமிஷம் காட்டுங்கள், நிறைய நேரம் மறைந்துவிடும். பலகை முழுவதும் மங்கலாக இருந்தால் மழை பெய்துகொண்டிருந்த நாளில் பாலிஷ் அடித்திருக்கிறார்கள், தேய்த்துவிட்டு வெயில் நாளில் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

எண்ணெய் பூசிப் பத்து நாள் ஆகியும் பிசுபிசுக்கிறது

என்ன எண்ணெய் என்பதுதான் முதல் கேள்வி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று வீட்டில் இருப்பதை எடுத்துப் பூசியிருந்தால் அது காயவே காயாது, தூசியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளில் சிக்கு வாடையும் அடிக்கும். தின்னரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். காய்ந்து இறுகும் எண்ணெய் என்றால் டபுள் பாயில்டு லின்சீட் (ஆளி விதை எண்ணெய்), டங் ஆயில், டேனிஷ் ஆயில், ஹார்டுவாக்ஸ் ஆயில் இவைதான். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் காயாது, ஆனால் கெடவும் கெடாது, காய் நறுக்கும் பலகைக்குப் போதும், மேடைக்குப் போதாது.

சரியான எண்ணெயாக இருந்தும் பிசுபிசுக்கிறது என்றால் அதிகமாகப் பூசிவிட்டீர்கள். பூசி இருபது நிமிஷத்தில், மரம் குடிக்காமல் மேலே நிற்பதை எல்லாம் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும், துடைத்த பிறகு கை வைத்தால் விரலில் ஒட்டக்கூடாது. கெட்டியாக ஒரு கோட் பூசுவதைவிட மெல்லியதாக நாலு கோட் பூசுவது மேல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். தேக்கிலேயே உள்ள எண்ணெயும் காய்வதைத் தாமதப்படுத்தும், அதற்கும் முன்கூட்டியே அசிட்டோன் துடைப்புதான்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லின்சீட், டங் எண்ணெய் நனைந்த துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டு மொடமொடவென்று ஆன பிறகு குப்பையில் போடுங்கள், அவசரம் என்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

முதல் தடவை துடைத்ததும் சொரசொரவென்று ஆகிவிட்டது

ரேகை எழும்பியிருக்கிறது, கோளாறே இல்லை. 220 நம்பர் உப்புத்தாளை ரேகையோடு இரண்டு ஓட்டு ஓட்டிவிட்டு இன்னொரு கோட் பூசுங்கள். புதுப் பலகைக்கு இதை முன்னாலேயே செய்யலாம்: கடைசித் தேய்ப்புக்கு முன் ஈரத்துணியால் துடைத்து, எழும்புகிற பிசிறைக் காயவைத்துத் தேய்த்துவிட்டால் அப்புறம் எழும்பாது.

பலகை ஆடுகிறது, நடுவில் தொய்கிறது

ஆடினால் பலகையைச் சந்தேகப்படுவதற்கு முன் கப்போர்டுகளை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், தரை சரிவாக இருப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். கப்போர்டு காலுக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டைச் செருகி மட்டமாக்குங்கள், அட்டை வைத்தால் ஊறிப்போகும். வாஷிங் மெஷினுக்கு மேலே தாங்கல் இல்லாமல் போகிற இடத்தில் தொய்வு வந்தால் பின்சுவரில் ஒரு இரும்பு ஆங்கிளைக் கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிட ஓர் அடிக்கு மேல் வெளியே நீட்டியிருந்தாலும் அப்படித்தான், பலகையை ஆங்கிளோடு பிடிக்கும் துளை நீள்துளையாக இருக்கட்டும்.

குண்டூசித் துளைகள், அடியில் மாவு

உளுக்கும் வண்டு. தேக்கின் நடுவயிரத்தை அது தொடாது, வெளிறிய வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், ரப்பர் மரத்தில் மருந்தேற்றாத பலகையாக இருந்தால் முழுக்கவே தின்னும். மாவைத் துடைத்துவிட்டுத் துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். புது மாவு இல்லை என்றால் பழைய துளை, மெழுகால் அடைத்துவிடலாம். புது மாவு இருந்தால் அந்தப் பட்டியை மாற்றுவதே மேல், சாப்பாடு வைக்கும் இடத்தில் பூச்சிமருந்தை ஊசியால் ஏற்றுவதை நான் செய்ய மாட்டேன். மாவுக்குப் பதில் மண் கோடு தெரிந்தால் அது கரையான், பலகையை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள்.

கனமான பாத்திரம் விழுந்து பள்ளம்

ரேகை அறுபடாமல் அமுங்கி மட்டும் இருந்தால் இழைக்கவே வேண்டாம். எண்ணெய்ப் பூச்சு என்றால்தான் இது நடக்கும், படலப் பாலிஷை முதலில் அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள், நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து மேலே போடுங்கள், இஸ்திரிப் பெட்டியின் முனையைப் பள்ளத்துக்கு நேராக வைத்து எண்ணிப் பத்து வரைக்கும் அழுத்துங்கள். உஸ்ஸென்று ஆவி கிளம்பும், துணியைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப நனைத்து இன்னொரு தடவை. குக்கர் மூடி விழுந்து எங்கள் பலகையில் பதிந்த பிறை வடிவப் பள்ளம் மூன்றாவது தடவையில் எழும்பிவிட்டது. மறுநாள் காய்ந்ததும் லேசாகத் தேய்த்து எண்ணெயை ஒரு துளி வைத்தேன், இப்போது எங்கே விழுந்தது என்று கேட்டால் எனக்கே கை வைத்துக் காட்டத் தெரியாது.